ஒற்றைக் கை விஞ்ஞானி

அவரைக் கொட்டைக்குள் ஒளிந்திருந்த அதிசயத்தைப் பிடித்துக் காட்டிய ஜேம்ஸ் சம்னரின் கதை

அமெரிக்காவில் 17 வயதுப் பையன் ஒருவன் பறவை வேட்டைக்குப் போனான். கூடவே ஒரு தோழனும் போனான். கௌதாரியைப் போன்ற ஒரு காட்டுப் பறவையைத் தேடிப் போனார்கள்.

டுமீல்!

தோழனின் துப்பாக்கி வெடித்தது. குண்டு பறவையின் மேல் பாயவில்லை. பையனின் இடது கையில் பாய்ந்தது.

வேண்டுமென்று செய்தது அல்ல. தவறி நடந்த விபத்துதான். ஆனாலும் டாக்டர்களால் அந்தக் கையைக் காப்பாற்ற முடியவில்லை. முழங்கைக்குச் சற்றுக் கீழே வெட்டி எடுத்துவிட்டார்கள்.

ஒரு கை போனால் யாருக்கும் கஷ்டம்தான். இந்தப் பையனுக்கு இரட்டிப்புக் கஷ்டம். ஏனென்றால், அவன் இடது கைப் பழக்கம் உள்ளவன். எந்தக் கையால் எழுதினானோ, எந்தக் கையை நம்பி இருந்தானோ, அந்தக் கையே போய்விட்டது!

அந்தப் பையன்தான் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற விஞ்ஞானி ஜேம்ஸ் சம்னர். ஒற்றைக் கையால் சோதனைக் குழாயைப் பிடித்து, நோபல் பரிசு வாங்கியவர்.

இன்று சர்க்கரை வியாதிக்காரர் விரல் நுனியில் ஊசி குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை ஒரு சிறு பட்டையில் தொட்டு வைக்கிறார். சில விநாடிகளில் சர்க்கரை அளவு தெரிந்துவிடுகிறது. அந்தக் கருவிக்குப் பின்னால் ஒரு நீண்ட கதை இருக்கிறது. அந்தக் கதையின் முதல் அத்தியாயம், சம்னரின் வாழ்க்கை.

வசதியான குடும்பம்

பாஸ்டன் நகருக்கு அருகே கான்டன் என்று ஓர் ஊர். அங்கே 1887-ம் ஆண்டு நவம்பர் 19-ந் தேதி சம்னர் பிறந்தார்.

அவருடைய முன்னோர்கள் இங்கிலாந்துக்காரர்கள். 1636-ம் ஆண்டிலேயே அமெரிக்காவில் குடியேறியவர்கள். தாத்தாவுக்குப் பண்ணையும் பருத்தி ஆலையும் இருந்தன. தகப்பனாருக்குப் பெரிய தோட்டம் இருந்தது. சாப்பாட்டுக்குக் கவலை இல்லாத குடும்பம்.

பள்ளிக்கூடத்தில் சம்னருக்குப் பாடம் என்றாலே சலிப்பு. பௌதிகமும் ரசாயனமும் மட்டும் பிடித்தன. மற்ற நேரமெல்லாம் துப்பாக்கியும் வேட்டையும்தான். அந்த ஆசையே அவர் கைக்கு எமனாக வந்தது.

விபத்துக்குப் பிறகு அவர் மூலையில் முடங்கிக் கிடக்கவில்லை. வலது கைக்கு எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து சொல்லிக் கொடுத்தார். எழுதக் கற்றார். டென்னிஸ் ஆடினார். பனிக்கட்டியின் மேல் சறுக்கி விளையாடினார். பில்லியர்ட்ஸ் ஆடினார்.

துப்பாக்கியையும் அவர் விடவில்லை! மேலே வீசி எறியப்படும் களிமண் தட்டைக் குறி பார்த்துச் சுடும் போட்டி ஒன்று உண்டு. ஒற்றைக் கையால் அதையும் பழகிக்கொண்டார். இரண்டு கை உள்ளவர்களோடு சரிசமமாக நிற்க வேண்டும் என்பதே அவருடைய பிடிவாதம்.

வக்கீலுக்குப் படிக்கலாமே!

1906-ம் ஆண்டில் ஹார்வர்டு கல்லூரியில் சேர்ந்தார். ரசாயனத்தை விரும்பி எடுத்துப் படித்தார். 1910-ல் பட்டம் பெற்றார்.

மாமா ஒருவருக்குப் பின்னலாடை ஆலை இருந்தது. கொஞ்ச நாள் அங்கே வேலை பார்த்தார். மனம் ஒட்டவில்லை. கனடாவுக்குப் போய்க் கொஞ்ச காலம் ஆசிரியராக இருந்தார். பிறகு அமெரிக்காவுக்குத் திரும்பி, வூஸ்டர் நகரத் தொழில்நுட்பக் கல்லூரியில் உதவியாளராகச் சேர்ந்தார். அதுவும் போதவில்லை. உயிர்களின் உடம்புக்குள் நடக்கும் ரசாயனத்தைப் படிக்க வேண்டும் என்ற ஆசை அவரைப் பிடித்து ஆட்டியது.

1912-ல் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரிக்குப் போனார். அங்கே ஆட்டோ ஃபோலின் என்ற பெரிய பேராசிரியர் இருந்தார். ரத்தத்தைச் சோதிக்கும் முறைகளில் அவர் புலி.

ஃபோலின், வந்து நின்ற வாலிபரைப் பார்த்தார். சட்டைக் கைக்குள் ஒரு கை இல்லாததைப் பார்த்தார். ஒற்றைக் கை மனிதர் ரசாயனத்தில் முன்னுக்கு வர முடியாது என்று அவருக்குத் தோன்றியது. பேசாமல் சட்டம் படித்து வக்கீலாகிவிடும்படி யோசனை சொன்னார்.

ஃபோலின் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அன்றைய ரசாயனக் கூடத்தில் எல்லாமே கை வேலை. ஒரு கை குடுவையைச் சுழற்ற வேண்டும். மறு கை குழாயைத் திருகிச் சொட்டுச் சொட்டாகத் திரவம் விட வேண்டும். ஒரு கை புனலைப் பிடிக்க வேண்டும். மறு கை ஊற்ற வேண்டும். எல்லாம் கண்ணாடிச் சாமான். கை தவறினால் பல நாள் உழைப்பு பாழ்.

சம்னர் யோசனையைக் கேட்டுக்கொண்டார். ஆனால் வக்கீலுக்குப் படிக்கப் போகவில்லை. ஃபோலினிடமே வேலை கற்றார். இரண்டே ஆண்டில், 1914-ம் ஆண்டு ஜூன் மாதம், டாக்டர் பட்டம் வாங்கினார்.

அவர் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட பொருள் யூரியா.

வயலுக்குப் போடும் உரம் என்றுதான் நமக்கு யூரியாவைத் தெரியும். நம் உடம்புக்குள்ளும் அது தினமும் உண்டாகிறது. பருப்பு, பால், மீன், இறைச்சி ஆகியவற்றில் உள்ள புரதத்தை உடம்பு பயன்படுத்திக்கொண்ட பிறகு கழிவு மிஞ்சுகிறது. ஈரல் அந்தக் கழிவை யூரியாவாக மாற்றி ரத்தத்தில் விடுகிறது. சிறுநீரகம் அதை வடிகட்டிச் சிறுநீரில் வெளியே தள்ளுகிறது. சிறுநீரகம் கெட்டால், ரத்தத்தில் யூரியா ஏறிவிடும்.

இந்த யூரியாதான் சம்னரின் வாழ்க்கையையே திருப்பப் போகிறது என்று அப்போது அவருக்கே தெரியாது!

தந்தி வந்தது, யுத்தமும் வந்தது

பட்டம் வாங்கிய கையோடு சம்னர் ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்கப் போனார். அங்கே இருந்தபோது அவருக்கு ஒரு தந்தி வந்தது. கார்னல் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரியில் உதவிப் பேராசிரியர் வேலை! இத்தாகா என்ற ஊருக்கு வர வேண்டும்.

ஆனால் உடனே புறப்பட முடியவில்லை. முதல் உலக யுத்தம் மூண்டுவிட்டது. கொஞ்ச காலம் சுவிட்சர்லாந்தில் மாட்டிக்கொண்டார். ஒருவழியாக ஊர் வந்து வேலையை ஒப்புக்கொண்டார்.

வேலை கிடைத்ததே தவிர, வசதி கிடைக்கவில்லை. வகுப்புகள் ஏராளம். உதவிக்கு ஆட்கள் குறைவு. கருவிகள் குறைவு. பணமும் குறைவு. ஆராய்ச்சிக்கு மிஞ்சும் நேரம் சொற்பம்.

அந்தச் சொற்ப நேரத்தைச் சின்னச் சின்ன ஆராய்ச்சிகளில் செலவழிக்க அவருக்கு மனம் இல்லை. செய்தால் பெரிதாக ஏதாவது செய்ய வேண்டும். தோற்றால் தோற்றுப் போகட்டும் என்று துணிந்தார்.

1917-ல் முடிவு செய்தார். அதுவரை உலகத்தில் யாரும் செய்யாத காரியம். என்ஸைம் ஒன்றைக் கலப்படம் இல்லாமல் சுத்தமாகப் பிரித்து எடுக்க வேண்டும்!

என்ஸைம் என்றால் என்ன?

தமிழில் இதை நொதி என்று சொல்கிறோம். புத்தகத்தில் தேட வேண்டாம். உங்கள் வாயிலேயே இருக்கிறது.

ஒரு பிடி வெறும் சோற்றை வாயில் போட்டு, விழுங்காமல் நன்றாக மென்றுகொண்டே இருங்கள். கொஞ்ச நேரத்தில் லேசாக இனிக்கும். சர்க்கரை எங்கிருந்து வந்தது? எச்சிலில் உள்ள ஒரு நொதி, சோற்றின் மாவுப் பொருளை உடைத்துச் சர்க்கரையாக்கியது.

ஆட்டுக்கறி வேகாமல் அடம் பிடித்தால், வீட்டில் பெரியவர்கள் ஒரு துண்டு பப்பாளிக்காயைப் போடுவார்கள். கறி பஞ்சு போல ஆகிவிடும். அதுவும் நொதியின் வேலைதான்.

மாட்டுத் தொழுவத்தில் மூக்கைத் துளைக்கும் நெடி அடிக்கிறதே, அது அம்மோனியா வாயு. சிறுநீரில் உள்ள யூரியாவை, கிருமிகளில் இருக்கும் யூரியேஸ் என்ற நொதி உடைக்கிறது. அம்மோனியா வெளிவருகிறது.

நொதிகளுக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. ஒவ்வொரு நொதியும் தனக்கு உரிய வேலையை மட்டுமே செய்யும். ஒரு பூட்டுக்கு ஒரு சாவி என்பது போல. யூரியேஸுக்கு வேண்டியது யூரியா. பக்கத்தில் சர்க்கரையைக் கொட்டி வைத்தாலும் திரும்பிப் பார்க்காது. வேலையைச் செய்து முடித்த பிறகும் அது தீர்ந்து போகாது. அடுத்த வேலைக்குப் போய்விடும்.

இவை எல்லாம் அன்றைய விஞ்ஞானிகளுக்குத் தெரியும். ஆனால் நொதி என்பது என்ன பொருள்? எதனால் ஆனது? அது மட்டும் யாருக்கும் தெரியாது. காற்றைப் போல, பேயைப் போல, வேலை மட்டும் நடந்தது. ஆளைக் காணோம்!

அவரைக் கொட்டையில் ஒரு புதையல்

சம்னர் தேர்ந்தெடுத்தது யூரியேஸ். யூரியா பற்றி ஆராய்ந்தவர் அல்லவா? அந்த நொதி அவருக்குப் பழக்கமானது.

யூரியேஸ் எங்கே அதிகமாகக் கிடைக்கும்? ஜாக் அவரை என்று ஒரு கொடி இருக்கிறது. நம் ஊர் வாளவரைக்கு நெருங்கிய சொந்தம். நீண்ட, பட்டையான காய். உள்ளே பெரிய வெள்ளைக் கொட்டைகள். அந்தக் கொட்டையில் யூரியேஸ் அபரிமிதமாக இருந்தது. இவ்வளவு இருக்கும் இடத்திலிருந்து பிரித்து எடுக்க முடியாதா என்பதே சம்னரின் எண்ணம்.

கொட்டையை மாவாக்கினார். மாவைத் திரவத்தில் கரைத்தார். வடிகட்டினார். வடிநீரில் இருந்த பொருள்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். எந்தப் பகுதி யூரியாவை வேகமாக உடைக்கிறது என்று சோதித்தார். மறுபடியும் கரைத்தார். மறுபடியும் வடிகட்டினார். எல்லாம் ஒற்றைக் கையால்.

சூடு பட்டால் நொதி கெட்டுவிடும். குளிரில் வைக்க வேண்டும். ஆரம்ப நாட்களில் அவருடைய ஆராய்ச்சிக் கூடத்தில் ஓர் ஐஸ் பெட்டி கூடக் கிடையாது. குடுவைகளை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, இரவில் நல்ல குளிர் அடிக்க வேண்டுமே என்று காத்திருப்பார்!

ஓர் ஆண்டு போயிற்று. இரண்டு ஆண்டு போயிற்று. நான்கு ஆண்டு போயிற்று. ஒன்றும் கிடைக்கவில்லை.

1921-ல் பெல்ஜியத்துக்குப் போய் ஆராய்ச்சி செய்ய அவருக்கு உதவித் தொகை கிடைத்தது. பிரஸ்ஸல்ஸ் நகரத்தில் ழான் எஃப்ரான் என்ற நொதி நிபுணர் இருந்தார். நொதிகளைப் பற்றிப் புத்தகங்கள் எழுதியவர். அவரிடம் போய் வேலை செய்யலாம் என்று சம்னர் ஆசைப்பட்டார். ஆனால் யூரியேஸைப் பிரித்து எடுக்கும் எண்ணமே கேலிக்கு உரியது என்று எஃப்ரான் ஒதுக்கிவிட்டார். பயணம் நின்று போயிற்று.

அதே ஆண்டில் சம்னர் வேறொரு நல்ல காரியம் செய்தார். சிறுநீரில் உள்ள சர்க்கரையை அளக்க ஒரு ரசாயன முறையை வெளியிட்டார். மஞ்சள் நிறத் திரவம் ஒன்றைச் சேர்த்துச் சூடாக்க வேண்டும். சர்க்கரை இருந்தால், அது சிவந்து பழுப்பு நிறமாகும். நிறம் எவ்வளவு கறுக்கிறதோ, அவ்வளவு சர்க்கரை. கல்லூரி மாணவர்கள் இன்றும் சர்க்கரையை அளக்க இந்த முறையைப் பயன்படுத்துகிறார்கள்.

ஆனால் அவர் மனமெல்லாம் அவரைக் கொட்டையில்தான் இருந்தது.

ஒரு சொட்டில் தெரிந்த உண்மை

1926-ம் ஆண்டு.

இந்த முறை அசிட்டோன் என்ற திரவத்தைத் தண்ணீரில் கலந்து எடுத்துக்கொண்டார். 100 பங்கில் சுமார் 32 பங்கு அசிட்டோன். அதில் அவரை மாவைக் கரைத்து வடிகட்டினார். இதற்குள் ஐஸ் பெட்டி வந்துவிட்டது. வடிநீரை இரவு முழுவதும் அதில் குளிர வைத்தார்.

பிறகு ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார்.

குட்டிக் குட்டிப் படிகங்கள்! கற்கண்டு போல மின்னும் சின்னஞ்சிறு படிகங்கள். ஒவ்வொன்றுக்கும் எட்டு முகம். இரண்டு கூம்புக் கோபுரங்களை அடியோடு அடி சேர்த்து ஒட்டியது போன்ற வடிவம்.

அதற்கு முன் அவர் அப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை. படிகங்களைத் தனியே பிரித்தார். தண்ணீரில் கரைத்தார். சோதித்தார். புரதத்துக்கு உரிய சோதனையில் புரதம் என்று காட்டியது. யூரியாவைச் சேர்த்தார். படு வேகமாக உடைத்தது!

ஒன்பது ஆண்டுத் தேடல் முடிந்தது. உடனே மனைவிக்கு டெலிபோன் செய்து, உலகத்தின் முதல் நொதிப் படிகம் கிடைத்துவிட்ட செய்தியைச் சொன்னார்.

நொதி பேய் அல்ல; மாயம் அல்ல. அது ஒரு பொருள். கண்ணால் பார்க்கலாம், எடை போடலாம், சீசாவில் அடைக்கலாம். அது ஒரு புரதம். இதுதான் சம்னர் கண்ட உண்மை.

யாரும் நம்பவில்லை

கட்டுரை எழுதி அனுப்பினார். அந்த ஆண்டே அச்சில் வந்தது. உலகம் கொண்டாடியிருக்க வேண்டும். கொண்டாடவில்லை. பலர் நம்பவில்லை. சிலர் சட்டையே செய்யவில்லை.

ஜெர்மனியில் ரிச்சர்டு வில்ஸ்டேட்டர் என்ற மாபெரும் ரசாயன மேதை இருந்தார். 1915-ம் ஆண்டிலேயே நோபல் பரிசு பெற்றவர். நொதி புரதம் அல்ல என்பது அவருடைய கொள்கை. சம்னர் பிடித்தது வெறும் புரதம். உண்மையான நொதி அதில் ஒட்டிக்கொண்டிருக்கும் வேறு ஏதோ ஒன்று என்று அவருடைய கூட்டத்தார் வாதாடினார்கள்.

அவர்கள் அப்படி நினைத்ததற்கும் காரணம் இருந்தது. நொதிக் கரைசலை அவர்கள் சுத்தம் செய்துகொண்டே போனார்கள். கடைசியில் சோதித்தபோது புரதம் இருப்பதாகத் தெரியவில்லை. ஆனால் நொதி வேலை செய்தது. ஆகவே நொதி வேறு, புரதம் வேறு என்று முடிவு கட்டினார்கள்.

தவறு எங்கே? ஒரு குடம் தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டால் நாக்குக்குத் தெரியாது. அதனால் உப்பே இல்லை என்று ஆகிவிடுமா? அன்றைய புரதச் சோதனை அந்த நாக்கைப் போன்றது. மிகக் குறைந்த அளவில் இருந்த புரதத்தை அதனால் காட்ட முடியவில்லை. அவ்வளவு கொஞ்சமாக இருந்தாலும் நொதி வேலை செய்துகொண்டிருந்தது!

நோபல் பரிசு பெற்ற மேதை ஒரு பக்கம். இத்தாகாவில் ஓர் ஒற்றைக் கை ஆசிரியர் மறு பக்கம். உலகம் யார் பேச்சைக் கேட்கும்?

சம்னர் கோபித்துக்கொண்டு உட்காரவில்லை. மறுபடியும் சோதனைதான். படிகத்தை மீண்டும் மீண்டும் கரைத்துப் படியவைத்துக் காட்டினார். கட்டுரைக்கு மேல் கட்டுரையாகச் சான்றுகளை அடுக்கினார். 1929-ல் கார்னல் பல்கலைக்கழகம் அவரை முழுப் பேராசிரியராக உயர்த்தியது.

பிறகு ஒரு துணை கிடைத்தது. ஜான் நார்த்ராப் என்ற அமெரிக்க விஞ்ஞானி, 1930-ல் பெப்சின் என்ற நொதியைப் படிகமாக்கினார். நம் வயிற்றில் உணவைச் செரிக்க வைக்கும் நொதி அது. அதுவும் புரதமே! அடுத்தடுத்து வேறு நொதிகளும் படிகமாயின. எல்லாம் புரதமே!

எதிர்ப்பு மெல்ல மெல்ல அடங்கியது.

1937-ல் சுவீடன் நாடு சம்னருக்குப் பதக்கம் கொடுத்தது. அந்த ஆண்டில் அவர் தம் மாணவர் அலெக்சாண்டர் டவுன்ஸுடன் சேர்ந்து, கேட்டலேஸ் என்ற இன்னொரு நொதியையும் மாட்டு ஈரலிலிருந்து படிகமாக்கினார். புண்ணில் ஹைட்ரஜன் பெராக்சைடு மருந்தை விட்டால் நுரை பொங்குகிறதே, அதற்குக் காரணம் அந்த கேட்டலேஸ்தான்.

1946-ல் ரசாயனத்துக்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. பாதிப் பரிசு சம்னருக்கு. மறு பாதி நார்த்ராப், வென்டல் ஸ்டான்லி ஆகிய இருவருக்கும்.

அவரைக் கொட்டையை அரைக்கத் தொடங்கியபோது அவருக்கு வயது 29. பரிசு வாங்கியபோது 59. வக்கீலாகப் போகச் சொன்ன ஃபோலின் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. 1934-லேயே காலமாகிவிட்டார்.

1955-ல் சம்னர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். ஆனால் ஓய்ந்து உட்கார அவருக்கு எண்ணம் இல்லை. பிரேசில் நாட்டுக்குப் போய், அங்கே நொதி ஆராய்ச்சிக் கூடம் அமைத்துக் கொடுக்கத் திட்டம் போட்டிருந்தார். அதற்குள் புற்றுநோய் முந்திக்கொண்டது. 1955-ம் ஆண்டு ஆகஸ்டு 12-ந் தேதி பஃபலோ நகர ஆஸ்பத்திரியில் உயிர் நீத்தார். வயது 67.

நொதிக்கு மின்சாரக் கம்பி

சம்னர் மறைந்தார். அவர் காட்டிய வழி நிற்கவில்லை.

நொதி ஒரு பொருள் என்று தெரிந்துவிட்டது. பொருள் என்றால் அதைத் தனியாக எடுக்கலாம். எடுத்தால், வேண்டிய இடத்தில் ஒட்டவைக்கலாம். ஒரு மின்சாரக் கம்பியின் நுனியில் ஒட்டவைத்தால் என்ன?

இந்த யோசனை 1962-ல் லேலண்டு கிளார்க் என்ற அமெரிக்க விஞ்ஞானிக்கும் அவருடைய தோழருக்கும் வந்தது. சர்க்கரையை மட்டும் தேடிப் பிடிக்கும் ஒரு நொதியைக் கம்பி நுனியில் வைக்கும் வழியை எழுதினார்கள். சர்க்கரை வந்து தொட்டதும் நொதி வேலை செய்யும். அந்த வேலையின் விளைவைக் கம்பி மின்சாரமாக உணரும். மின்சாரம் எவ்வளவோ, சர்க்கரை அவ்வளவு! 1975-ல் இப்படிப்பட்ட சர்க்கரைக் கருவி விற்பனைக்கே வந்துவிட்டது. வீட்டில் வைத்திருக்கும் சர்க்கரை மீட்டர் அதன் பேரப் பிள்ளை.

1969-ல் யூரியாவை அளக்கும் கம்பி வந்தது. அதன் நுனியில் காவல் நின்றது எது தெரியுமா? சம்னரின் யூரியேஸ்! ரத்தத்தில் யூரியா எவ்வளவு என்று பார்க்க, இன்று ஆஸ்பத்திரிகளில் உள்ள எந்திரங்களும் பெரும்பாலும் யூரியேஸைத்தான் நம்பியிருக்கின்றன. சிறுநீரக நோயைக் கண்டுபிடிக்க உதவும் சோதனை அது.

இப்படி நொதியைக் காவல் வைத்து, உடம்பில் உள்ள பொருளை அளக்கும் கருவிக்கு உயிர் உணர்வி என்று பெயர்.

ஆனால் அதில் ஒரு சிக்கல் இருந்தது. நொதி வேலை செய்யும் இடம், புரதத்தின் உள்ளே ஆழத்தில் இருக்கிறது. கிணற்றுக்குள் இருப்பவர் பேசுவது மேலே கேட்காதது போல, உள்ளே உண்டாகும் மின்சாரம் கம்பிக்குச் சரியாக எட்டவில்லை.

இங்கேதான் நுண்துகள்கள் கை கொடுத்தன. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பாகமாகப் பிரித்தால், அதில் ஒரு பாகம் ஒரு நானோமீட்டர். சில நானோமீட்டரே பருமன் உள்ள தங்கத் துகள்களைச் செய்ய விஞ்ஞானிகள் கற்றுக்கொண்டார்கள்.

இதில் இரண்டு லாபம். ஒரு கற்கண்டுக் கட்டியைப் பொடித்தால் தண்ணீர் தொடும் பரப்பு எவ்வளவோ பெருகுகிறது. அதுபோல, துகள் சிறுக்கச் சிறுக்க, நொதி உட்காரும் இடம் பெருகுகிறது. இரண்டாவது, தங்கம் மின்சாரத்தைக் கடத்தும். நொதிக்கும் கம்பிக்கும் நடுவே பாலம் போட்டது போல ஆகிறது.

2003-ல் ஜெரூசலம் ஹீப்ரு பல்கலைக்கழக விஞ்ஞானிகள் இதைச் செய்து காட்டினார்கள். வெறும் 1.4 நானோமீட்டர் அளவுள்ள தங்கத் துகளை, சர்க்கரையைப் பிடிக்கும் நொதிக்குள்ளேயே செருகினார்கள். இயற்கையில் அந்த நொதியிடமிருந்து எலெக்ட்ரான்களை வாங்கிக்கொள்வது ஆக்சிஜன். விநாடிக்குச் சுமார் 700 வாங்கும். தங்கத் துகள் வழியே விநாடிக்குச் சுமார் 5,000 பாய்ந்தன!

யூரியேஸையும் இப்படித் தங்கம் முதலிய நுண்துகள்களின் மேல் அமர்த்திப் பார்க்கிறார்கள். ரத்தம், பால், தண்ணீர் ஆகியவற்றில் மிகக் குறைந்த அளவு யூரியா இருந்தாலும் கண்டுபிடிக்கும் கருவிகளுக்கு அது அடிப்படை.

துவரைப் பொடியில் யூரியேஸ்

இதெல்லாம் பெரிய ஆராய்ச்சிக் கூடத்துச் சமாசாரம் என்று நினைக்க வேண்டாம்.

பாலில் தண்ணீர் கலப்பவர்கள், அது தெரியாமல் இருக்க யூரியாவையும் கலப்பது உண்டு. அதைக் கண்டுபிடிக்க இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஓர் எளிய முறையைச் சொல்லியிருக்கிறது. ஒரு தேக்கரண்டிப் பாலில் அரைத் தேக்கரண்டி சோயா அல்லது துவரைப் பொடியைப் போட்டு நன்றாகக் குலுக்க வேண்டும். 5 நிமிஷம் கழித்துச் சிவப்பு லிட்மஸ் காகிதத்தை அதில் நனைத்து, அரை நிமிஷத்தில் எடுக்க வேண்டும். காகிதம் நீலமாக மாறினால் பாலில் யூரியா இருக்கிறது!

சோயாவிலும் துவரையிலும் இருக்கும் யூரியேஸ், பாலில் உள்ள யூரியாவை உடைக்கிறது. வெளிவரும் அம்மோனியா காகிதத்தை நீலமாக்குகிறது. அவ்வளவுதான்.

கிண்டியில் நிறைவேறிய வேலை

சம்னர் யூரியேஸைப் படிகமாக்கினார். ஆனால் அந்தப் படிகத்துக்குள் அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று பார்க்க அன்று வழி இல்லை. அதன் வயிற்றுக்குள் நிக்கல் என்ற உலோகம் இருப்பதே 1975-ல்தான் தெரிந்தது. ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். முழு வடிவம் அதற்குப் பிறகும் பல காலம் பிடிபடவில்லை.

கடைசியில் அதைக் கண்டவர்கள் நம் சென்னையில் இருந்தார்கள்!

சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் படிகவியல் ஆராய்ச்சித் துறை இருக்கிறது. புரதங்களின் வடிவத்தை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்ற ஜி. என். ராமச்சந்திரன் தொடங்கி வளர்த்த துறை அது. அங்குள்ள ஆராய்ச்சியாளர்கள், அதே ஜாக் அவரையின் யூரியேஸைப் படிகமாக்கி, எக்ஸ் கதிரைச் செலுத்தி, அதன் வடிவத்தை 2010-ல் வெளியிட்டார்கள். ஒரே மாதிரியான ஆறு பகுதிகள் சேர்ந்து ஒரு யூரியேஸ். ஒவ்வொரு பகுதியிலும் 840 அமினோ அமிலங்கள். இரண்டு நிக்கல் அணுக்கள். அந்த நிக்கல் இருக்கும் இடத்தில்தான் யூரியா உடைகிறது.

இத்தாகாவில் 1926-ல் மைக்ராஸ்கோப்பில் தெரிந்த எட்டு முகப் படிகம், 84 ஆண்டுகளுக்குப் பிறகு கிண்டியில் தன் ரகசியத்தைச் சொல்லியது.

இனி ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுத்துவிட்டு, சர்க்கரை எவ்வளவு, யூரியா எவ்வளவு என்று சீட்டுக்காகக் காத்திருக்கும்போது, ஒரு நிமிஷம் சம்னரை நினைத்துக்கொள்ளுங்கள். ஜன்னல் விளிம்பில் குடுவையை வைத்துவிட்டுக் குளிருக்காகக் காத்திருந்த மனிதர் அவர். அந்தக் குடுவையைத் தூக்கி வைக்க அவருக்கு இருந்தது ஒரே ஒரு கை.